2011 கணக்கை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை கொள்கைகள்? விடுபட்டவர்கள் யார்?

பொருநைக்கரை எழுதியது:

வறுமை குறைந்ததா, வேலையின்மை கூடியதா என்று இரவுதோறும் தொலைக்காட்சிகளில் சண்டை நடக்கிறது. இரு தரப்பும் கையில் எண்களோடுதான் வருகிறார்கள். அந்த எண்களில் பெரும்பாலானவை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மேல் கட்டப்பட்டவை என்பதை யாரும் சொல்வதில்லை. பொதுக்கொள்கை ஆய்வு படிக்கும் மாணவியாக எனக்கு இது பெரிய கவலை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நாடு முழுவதும் எண்ணப்பட்டது. உலகப்போர் நடந்த 1941-இல்கூட மக்களை எண்ணினார்கள், அட்டவணைகளைத்தான் சுருக்கிக்கொண்டார்கள். 2021-இல் முதன்முறையாகச் சங்கிலி அறுந்தது. கொரோனா காரணம் என்றார்கள். அந்த ஆண்டுக்கு அது ஏற்கத்தக்கதே. அதன் பிறகும் சட்டமன்றத் தேர்தல்கள் நடந்தன, 2024-இல் மக்களவைத் தேர்தலே நடந்தது. கணக்கெடுப்பு மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 2025 ஜூன் 16 அறிவிக்கையின்படி, பனி சூழ்ந்த பகுதிகள் நீங்கலாக, 2027 மார்ச் 1-ஆம் தேதிதான் கணக்குக்குரிய நாள்.

இதனால் யாருக்கு என்ன இழப்பு? ஓர் உதாரணம் போதும். 2013-இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமப்புறத்தில் 75 விழுக்காடு, நகர்ப்புறத்தில் 50 விழுக்காடு மக்கள் வரை மானிய தானியம் தரச் சொல்கிறது. எந்த மக்கள்தொகையில் 75 விழுக்காடு? கடைசியாக வெளியான கணக்கெடுப்பின்படி என்கிறது 9-ஆவது பிரிவு. எனவே இன்றுவரை உச்சவரம்பு 81.35 கோடிப் பேர். பீகாரில் 2011-இல் 10.41 கோடிப் பேர் இருந்தார்கள், அவர்களில் 8.71 கோடிப் பேருக்கு இடம் ஒதுக்கப்பட்டது. 2023-இல் பீகார் அரசே நடத்திய சாதிவாரிக் கணக்கெடுப்பு 13.07 கோடிப் பேரைக் காட்டியது. வெளிமாநிலங்களில் வாழ்வதாகப் பதிவான 53 லட்சத்துச் சொச்சம் பேரைக் கழித்துவிட்டு, பழைய விகிதத்தையே போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ ஒன்றே முக்கால் கோடிப் பேர் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். ஒரே மாநிலத்தில்.


மலைக்கோட்டை எழுதியது:

பொருநைக்கரை அவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் கணக்கெடுப்பு இல்லாவிட்டால் நாடே குருடாகிவிட்டது என்பதை ஏற்க முடியவில்லை. ஆதார் இருக்கிறது, வாக்காளர் பட்டியல் இருக்கிறது, ரேஷன் அட்டைகள் கணினியில் ஏறிவிட்டன. தேசியக் குடும்பநல ஆய்வு, தொழிலாளர் ஆய்வு, நுகர்வுச் செலவு ஆய்வு என்று மாதிரி ஆய்வுகள் தொடர்ந்து வருகின்றன. 2013-14 முதல் ஒன்பது ஆண்டுகளில் 24.82 கோடிப் பேர் பல்பரிமாண வறுமையிலிருந்து, அதாவது உடல்நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் ஆகியவற்றை வைத்து அளக்கும் வறுமையிலிருந்து, மீண்டதாக மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் சொல்வது இந்த ஆய்வுகளைக் கொண்டுதானே? 30 லட்சம் பணியாளர்களையும் 11,718 கோடி ரூபாயையும் கொட்டித்தான் ஒரு நாடு தன்னைத் தெரிந்துகொள்ள வேண்டுமா?


பொருநைக்கரை எழுதியது:

மலைக்கோட்டை ஐயா, மாதிரி ஆய்வுக்கு முதலில் ஒரு முழுப் பட்டியல் வேண்டும். நாட்டிலுள்ள கிராமங்கள் எவை, ஒவ்வொன்றிலும் எத்தனை குடும்பங்கள் என்ற பட்டியலிலிருந்துதான் சில கிராமங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு அங்கே சில வீடுகள். அந்த வீடுகளில் கிடைத்த விடையை நாட்டின் மொத்தத்துக்குப் பெருக்குகிறார்கள். கிராமங்களின் பட்டியல் 2011-இலிருந்து வருகிறது. பெருக்குவதற்கான மொத்தமும் 2011-ஐ அடியாகக் கொண்ட கணிப்புதான். சோற்றுப் பதம் பார்க்க ஒரு பருக்கை போதும், சரி. பானையில் இருப்பது எவ்வளவு என்று அந்தப் பருக்கை சொல்லாது.

நகரமயமாதலை எடுத்துக்கொள்ளுங்கள். 5,000 பேருக்குக் குறையாத மக்கள்தொகை, ஆண் தொழிலாளர்களில் முக்கால் பங்கினர் வேளாண்மைக்கு வெளியே, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் என்ற மூன்றும் அமைந்தால் பஞ்சாயத்தாக இருந்தாலும் அந்த ஊரைக் கணக்கெடுப்பு நகரம் என்று கொள்வார்கள். 2001-இல் இத்தகைய ஊர்கள் 1,362. 2011-இல் 3,894. அதன் பிறகு எத்தனை ஊர்கள் மாறின? எண்ணினால்தான் தெரியும். குடிநீர், கழிவுநீர், வீட்டுவசதித் திட்டங்களுக்கெல்லாம் அடிப்படையே கிராமமா நகரமா என்ற கேள்விதான்.

இதில் அரசுக்குள்ளேயே சண்டை நடந்தது. 2023-இல் பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு உறுப்பினர் ஷமிகா ரவி, பழைய பட்டியலை வைத்து நடக்கும் ஆய்வுகள் நாட்டின் முன்னேற்றத்தைக் குறைத்துக் காட்டுகின்றன என்று எழுதினார். நாட்டின் முதல் தலைமைப் புள்ளியியலாளர் பிரணாப் சென் அதை மறுத்தார். அந்தச் சென்னின் தலைமையிலேயே புள்ளியியல் ஆய்வுகள் குறித்து ஆலோசனை சொல்ல அரசு ஒரு நிலைக்குழுவை அமைத்தது, 2024-இல் கலைத்தும் விட்டது. யார் சொன்னது சரி என்பது இருக்கட்டும். பட்டியல் பழையது என்பதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. ஆய்வுகளை நம்பலாம் என்பவருக்கும் நம்பக்கூடாது என்பவருக்கும் தேவைப்படுவது புதிய கணக்கெடுப்புதான்.

ஆதார் பற்றி: அது அடையாள எண். இறந்தவர்கள் எல்லோரும் அதிலிருந்து நீங்குவதில்லை, இடம் பெயர்ந்தவர் முகவரியை மாற்றுவதில்லை. ஒரு வீட்டில் கழிப்பறை உண்டா, அந்தப் பெண் என்ன வேலை செய்கிறாள், எந்த ஊரிலிருந்து எதற்காக வந்தாள் என்பதெல்லாம் அதில் இல்லை.


நொய்யல் எழுதியது:

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் தொழிலாளர் நலப் பிரிவில் வேலை செய்கிறேன். பொருநைக்கரை சொன்ன பீகார்க் கணக்கின் மறுமுனை எங்கள் ஊரில் இருக்கிறது.

ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தின்படி பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளி இங்குள்ள கடையில் தன் பங்குத் தானியத்தை வாங்கலாம். நல்ல திட்டம். ஆனால் சொந்த மாநிலத்தில் முன்னுரிமை அட்டையில், அதாவது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தரும் ரேஷன் அட்டையில், பெயர் இருக்க வேண்டும். திருமணமாகி வந்த இளம் மனைவி, அதன்பின் பிறந்த இரண்டு குழந்தைகள் ஆகியோரின் பெயரைச் சேர்க்கப் போனால் இடம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஆகக் குடும்பத்தில் நான்கு பேர், அட்டையில் ஒருவர், ஐந்து கிலோ. இதைப் பலரிடம் கேட்டிருக்கிறேன்.

2020 ஊரடங்கு நினைவிருக்கிறதா? நடந்து ஊர் திரும்பும் வழியில் எத்தனை தொழிலாளர்கள் இறந்தார்கள் என்று அந்த செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அப்படிப்பட்ட தரவு எதுவும் இல்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் சொன்னது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில்தான் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் பதிவேடு வேகம் பிடித்தது. அதில் பதிந்த 28 கோடிச் சொச்சம் பேரில் 8 கோடிப் பேருக்கு ரேஷன் அட்டை இல்லை என்று 2023-இல் தெரிந்தது. அவர்களுக்கு அட்டை கொடுங்கள் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. உச்சவரம்பு முடிந்துவிட்டது என்ற பேச்சு அப்போதும் எழுந்தது. இது நிர்வாகச் சிக்கல் என்று எனக்குத் தோன்றவில்லை. பசியைப் பதினைந்து ஆண்டுப் பழைய எண்ணால் அளக்கிறார்கள். எனக்கு ஆற்றவே மாட்டாத கோபம் வருகிறது.


கல்வராயன் எழுதியது:

மலைக்கிராமங்களின் நிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தின் நான்காம் கட்டம் 2024 செப்டம்பரில் ஒப்புதல் பெற்றது. 25,000 குடியிருப்புகள், 62,500 கிலோமீட்டர், 70,125 கோடி ரூபாய். சமவெளியில் 500 பேர், மலை மாநிலங்களிலும் பழங்குடிப் பகுதிகளிலும் 250 பேர் இருந்தால் தகுதி. எந்த ஆண்டின் 500? 2011-இன் 500. அன்று 230 பேர் இருந்து இன்று 300 ஆகிவிட்ட ஊருக்கு என்ன பதில்? துணைச் சுகாதார நிலையம் மலையில் 3,000 பேருக்கு ஒன்று, சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று என்பதும் இப்படித்தான். பிரசவ வலி எடுத்தவரைத் தூளி கட்டித் தூக்கி வரும் ஊர்களில் இந்த எண்களுக்கு என்ன பொருள் என்று இங்கே விளக்கத் தேவையில்லை.


பாலாறு எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் தமிழ்நாட்டில் பலர் மனத்தில் இருந்தும் சொல்லத் தயங்குவதை நான் சொல்லிவிடுகிறேன். கணக்கெடுப்பு நடந்தால் அதன் பின்னாலேயே தொகுதி மறுவரையறை, அதாவது மக்கள்தொகைக்கு ஏற்ப மக்களவை இடங்களைப் புதிதாகப் பங்கிடுவது, வரும். குடும்பக் கட்டுப்பாட்டை நாம் ஒழுங்காகச் செய்தோம். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி நமது கருவள விகிதம் (ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள்) 1.8, பீகாருக்கு 3.0. செய்ததற்குத் தண்டனையாக மக்களவையில் நம் குரல் சுருங்குமா? 39 தொகுதிகளின் எடை குறையுமா? இந்தக் கணக்கெடுப்பு தாமதமானதில் நமக்கு ஒரு நன்மை இருந்தது என்றே நினைக்கிறேன்.


பொருநைக்கரை எழுதியது:

பாலாறு அவர்களே, உங்கள் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. தீர்வு அங்கே இல்லை.

மாநிலங்களுக்கான மக்களவை இடங்களை 1971 கணக்கோடு உறைய வைத்தது 1976-இன் 42-ஆவது திருத்தம். அதை 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது 2001-இன் 84-ஆவது திருத்தம். இரண்டுமே நாடாளுமன்றம் பேசி எடுத்த அரசியல் முடிவுகள். அந்த ஆண்டுகளில் 1981, 1991, 2001, 2011 என நான்கு முறை மக்களை எண்ணினார்கள். தமிழ்நாட்டின் இடங்கள் குறையவில்லை. எண்ணுவது வேறு, அந்த எண்ணை எந்தச் சூத்திரத்தில் போடுவது என்பது வேறு. மத்திய வரி வருவாயை மாநிலங்களுக்குப் பங்கிடும் வழியைப் பரிந்துரைக்கும் 15-ஆவது நிதிக்குழு 2011 மக்கள்தொகையை எடுத்துக்கொண்டபோது, பிறப்பு விகிதத்தைக் குறைத்த மாநிலங்களுக்கென 12.5 விழுக்காடு எடையைத் தனியே வைத்தது. அது போதுமா என்று சண்டை போடலாம், போட வேண்டும். இடப் பங்கீட்டுக்கும் அப்படி ஒரு சூத்திரம் கேட்டுப் போராடுவோம். அதற்காக நொய்யல் சொன்ன அந்தக் குழந்தைகள் எண்ணப்படாமல் இருக்க வேண்டுமா?

தமிழ்நாட்டுக்குள்ளும் பாருங்கள். நாம் அரிசி அட்டைகள் எல்லாவற்றுக்கும் அரிசி தருகிறோம், பெருமைதான். ஆனால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய தொகுப்பு ஈடுசெய்வது நம் மக்களில் சுமார் பாதிப் பேருக்குத்தான். மிச்சச் சுமை மாநிலத்தின் கருவூலத்தில்.


வெண்ணாறு எழுதியது:

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. 1991, 2001, 2011 மூன்றிலும் கணக்கெடுப்பாளராக வீடு வீடாகப் போனவள். நீங்கள் எல்லோரும் எண்ணைப் பற்றிப் பேசுகிறீர்கள். அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லட்டுமா?

2011-இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை எண்ணினோம். 28 இரவு பஸ் நிலையத்திலும் கோயில் வாசலிலும் படுத்திருப்பவர்களை எண்ணினோம். மார்ச் 1 முதல் 5 வரை மறுபடி ஒரு சுற்று, இடையில் பிறந்தவர்களையும் இறந்தவர்களையும் திருத்த. அத்தனை செய்தும், பிறகு நடந்த சரிபார்ப்பு ஆய்வில் ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டதாகத் தெரிந்தது. யார் விடுபடுவார்கள் என்று எனக்குத் தெரியும். கைக்குழந்தை. திண்ணையோரம் தனியே சமைத்துச் சாப்பிடும் மாமியார். பிரசவத்துக்கு அம்மா வீடு போன மருமகள், இரண்டு வீட்டிலும் "அங்கே எழுதியிருப்பார்கள்" என்று சொல்லிவிடுவார்கள்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது வேலை பற்றிய கேள்வி. வாசலில் ஆண் நிற்பார். "உங்கள் மனைவி வேலை செய்கிறாரா?" என்று கேட்டால் "இல்லை, வீட்டில்தான் இருக்கிறாள்" என்பார். அந்த அம்மா அப்போதுதான் தலையில் புல்லுக்கட்டோடு கொல்லைப்புறம் நுழைந்துகொண்டிருப்பார். எங்கள் கையேட்டில் தெளிவாக இருந்தது: கூலி வாங்காமல் சொந்த நிலத்தில் உழைத்தாலும் வேலை, வீட்டுத் தேவைக்கு மட்டும் மாடு வைத்துப் பால் கறந்தாலும் வேலை. ஆறு மாதமோ அதற்கு மேலோ என்றால் முதன்மைத் தொழிலாளர், குறைவென்றால் குறுகிய காலத் தொழிலாளர். இதைத் தெரிந்துகொள்ள ஒரே கேள்வி போதாது. நடவுக்குப் போனீர்களா, களையெடுத்தீர்களா, எத்தனை மாடு, பால் யார் கறப்பது என்று அந்த அம்மாவிடமே கேட்க வேண்டும். நேரம் இருப்பவர் கேட்டார். பள்ளிக்கூடமும் நடத்திக்கொண்டு, இருட்டுவதற்குள் மீதி வீடுகளை முடிக்க வேண்டியவர் "இல்லை" என்று குறித்துவிட்டுப் போனார். அவரையும் குற்றம் சொல்ல மாட்டேன். பயிற்சியும் கால அவகாசமும் கொடுக்காமல் நல்ல எண்ணைக் கேட்கிறார்கள்.

மலைக்கோட்டை தம்பி, 30 லட்சம் பேர் எதற்கு என்று கேட்டீர்களே. இதற்குத்தான்.


பொருநைக்கரை எழுதியது:

டீச்சர், நீங்கள் எழுதியதை எங்கள் வகுப்பில் வாசிக்க அனுமதி வேண்டும்.

நீங்கள் சொன்னதற்கும் இன்றைய பெரிய விவாதம் ஒன்றுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. தொழிலாளர் ஆய்வின்படி 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் உழைப்புப் பங்கேற்பு (வேலை செய்பவர்களும் தேடுபவர்களும் சேர்ந்த விகிதம்) 2017-18-இல் 23.3 விழுக்காடு, 2023-24-இல் 41.7. ஆறே ஆண்டுகளில் இப்படி ஓர் ஏற்றம். பெண்களுக்கு வேலை பெருகியது என்கிறது அரசு. ஏறியதில் பெரும்பங்கு சுயதொழிலும் குடும்பத் தொழிலில் கூலியில்லா உழைப்பும் என்கிறார்கள் பொருளியலாளர்கள் பலர். கேட்கும் விதம் மேம்பட்டதால் முன்பு மறைந்திருந்த உழைப்பு இப்போது தெரிகிறதா, நெருக்கடியால் பெண்கள் வேலைக்குத் தள்ளப்பட்டார்களா, உண்மையிலேயே வாய்ப்பு பெருகியதா? மூன்றும் கலந்திருக்கலாம். எது எவ்வளவு என்று பிரிக்க, இன்னொரு திசையிலிருந்து வரும் முழுக் கணக்கு வேண்டும். அது நம்மிடம் இல்லை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2017-18-இல் வேலையின்மை 6.1 விழுக்காடு என்று காட்டிய அறிக்கையை வெளியிடத் தாமதம் ஆனபோது தேசியப் புள்ளியியல் ஆணையத்திலிருந்து பி.சி. மோகனனும் ஜே.வி. மீனாட்சியும் 2019 ஜனவரியில் விலகினார்கள். அறிக்கை வந்தது மே 31-ஆம் தேதி, மக்களவைத் தேர்தல் முடிந்த பிறகு. அதே காலத்து நுகர்வுச் செலவு ஆய்வோ, தரம் போதவில்லை என்று சொல்லி அடியோடு கைவிடப்பட்டது. அதனால் 2011-12-க்கும் 2022-23-க்கும் நடுவே வறுமை எந்தப் பாதையில் போனது என்பதற்கு நேரடிச் சான்றே இல்லை. பணமதிப்பு நீக்கமும், ஜிஎஸ்டி அறிமுகமும், பெருந்தொற்றும் அந்த இடைவெளிக்குள்தான் நடந்தன.


மலைக்கோட்டை எழுதியது:

டீச்சர் அம்மா சொன்னதை மனமார ஏற்கிறேன். கணக்கெடுப்பு தேவையில்லை என்ற நிலையில் நான் இப்போது இல்லை.

ஆனால் ஒரு கட்சியின் ஆட்சியை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றினால் நோய் பிடிபடாது. 1999-2000 நுகர்வு ஆய்வில் கடந்த 7 நாளில் எவ்வளவு செலவு, கடந்த 30 நாளில் எவ்வளவு செலவு என்ற இருவகை நினைவுக் கேள்விகளை ஒரே படிவத்தில் கலந்ததால் அந்த வறுமை எண்ணே ஆண்டுக்கணக்கில் சர்ச்சையானது. 2011-இல் தொடங்கிய சமூகப் பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்பின் சாதி விவரம் இன்றுவரை வெளிவரவில்லை. 46 லட்சம் பெயர்கள் வந்ததால் பயன்படாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு சொன்னது. படிவத்தைத் திட்டமிட்டவர்கள் முந்தைய ஆட்சியினர், பூட்டி வைத்தவர்கள் பின்வந்தவர்கள். 2022-23, 2023-24 நுகர்வு ஆய்வுகள் இரண்டும் குடும்ப அளவிலான தரவோடு வெளியானதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். யாரும் இறக்கிச் சரிபார்க்கலாம்.


பொருநைக்கரை எழுதியது:

முழுவதும் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் புள்ளியியல் ஆணையத்துக்குச் சட்ட அதிகாரம் வேண்டும் என்கிறேன். 2005-இல் அரசாணையால் உருவான அமைப்பு அது. வெளியீட்டு நாளை முன்கூட்டியே அறிவித்து, எந்த அமைச்சர் நினைத்தாலும் அதை மாற்ற முடியாத நிலை வரும்வரை இந்தச் சண்டை ஓயாது.


பாலாறு எழுதியது:

சாதிக் கணக்கு பற்றி மலைக்கோட்டை தொட்டதால் எழுதுகிறேன். இதில் தமிழ்நாடு நேரடியாக அடிபட்டது. வன்னியர் 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை 2022 மார்ச் 31-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது முக்கியமான காரணம் என்ன? தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் நிலையை ஆராய்ந்த அம்பாசங்கர் ஆணையம் 1980-களில் திரட்டிய பழைய விவரங்களை வைத்து இன்றைய பின்தங்கிய நிலையை நிறுவ முடியாது என்பது. ஒதுக்கீட்டை ஆதரித்தவரும் எதிர்த்தவரும் இன்றைய எண் கையில் இல்லாமல்தான் வாதிட்டார்கள். 1931-க்குப் பிறகு முழுமையான சாதி அட்டவணை வெளிவரவே இல்லை. 2025 ஏப்ரல் 30-இல் அடுத்த கணக்கெடுப்பில் சாதியையும் சேர்ப்பதாக மத்திய அரசு முடிவெடுத்தது. சாதிப் பெயர்களின் பட்டியலை முன்பே தயாரித்துக் கணக்கெடுப்பாளர் கையில் கொடுக்காவிட்டால் மீண்டும் 46 லட்சம் பெயர்தான் வரும். மாநிலப் பிற்படுத்தப்பட்டோர் ஆணையங்களிடம் உட்பிரிவு, மாற்றுப்பெயர், எழுத்து வேறுபாடு எல்லாம் இருக்கின்றன. கேட்டு வாங்க வேண்டும்.

தொகுதி மறுவரையறை குறித்த என் கவலை அப்படியேதான் இருக்கிறது. அதை நாடாளுமன்றத்தில் பேச வேண்டும் என்பதை மட்டும் ஏற்கிறேன்.


கல்வராயன் எழுதியது:

டீச்சர் அம்மாவிடம் ஒரு கேள்வி. நானும் ஆசிரியன்தான், இம்முறை எனக்குப் பணி வரும். காகிதப் படிவம் கிடையாது, கைபேசிச் செயலி. மக்கள் தாங்களே இணையத்தில் பதியவும் வழி இருக்கிறது. மலையில் அலைவரிசை பல இடங்களில் எட்டாது. எதில் கவனமாக இருக்க வேண்டும்?


வெண்ணாறு எழுதியது:

செயலியைப் பற்றி நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டும். வீட்டைப் பற்றி நான் சொல்கிறேன்.

வீட்டுப்பட்டியல் சுற்றில் ஒரு குடியிருப்பு விட்டுப்போனால் ஆள் எண்ணும் சுற்றில் அதைப் பிடிப்பது கடினம். எனவே வரைபடத்தை நீங்களே நடந்து போட்டுப் பாருங்கள். ஓடை தாண்டி இரண்டு குடிசை இருக்கும், அது எந்தக் கிராமத்தோடு சேர்த்தி என்று பக்கத்துத் தொகுதிக் கணக்கெடுப்பாளரோடு முதலிலேயே பேசிவிடுங்கள். பெண்களைப் பற்றிப் பெண்களிடம் கேளுங்கள். மலையில் தேன், கடுக்காய், புளி சேகரிப்பதை அவர்கள் வேலை என்று தாமாகச் சொல்ல மாட்டார்கள். கரும்பு வெட்டுக்கோ செங்கல் சூளைக்கோ குடும்பத்தோடு போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று ஊர்ப் பெரியவரிடம் விசாரித்து வையுங்கள். தாமே இணையத்தில் பதிந்துவிட்டோம் என்பவர் வீட்டிலும் பாட்டியையும் கைக்குழந்தையையும் சேர்த்தார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

நொய்யல் தம்பிக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்த் தொழிலாளர் விடுதிகளில் ஓர் அறையில் பகல் முறையும் இரவு முறையும் மாறி மாறித் தூங்குவார்கள். பகலில் போகும் கணக்கெடுப்பாளர் பாதிப் பேரைத்தான் பார்ப்பார். மொழியும் தெரியாது. உங்களால் ஏதாவது செய்ய முடியுமா?


நொய்யல் எழுதியது:

முடியும், டீச்சர். எங்கள் பகுதி விடுதிகளின் முகவரி, அறைகளின் எண்ணிக்கை, முறை மாறும் நேரம் மூன்றையும் தொகுத்து வட்டாட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறோம். இந்தியும் ஒடியாவும் பேசும் மேற்பார்வையாளர்கள் எங்களிடம் இருக்கிறார்கள்; ஞாயிற்றுக்கிழமைகளில் கணக்கெடுப்பாளரோடு அவர்களை அனுப்ப நிர்வாகத்திடம் பேசுகிறேன். திருப்பூர், கோவை, ஈரோடு, ஓசூர் பக்கம் இந்த வேலையில் சேரக்கூடியவர்கள் இங்கே இருந்தால் இந்த இழையிலேயே பதில் எழுதுங்கள். பட்டியலுக்கான படிவத்தை இந்த வார இறுதிக்குள் தயாரித்து இங்கே இடுகிறேன்.